சேலை விற்க இன்ஸ்டாவா, வாட்ஸ்அப்பா?

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை எடுத்து, வீட்டில் இருந்தபடியே விற்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இருபது சேலையும் ஒரு போனும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். எதில் கடை விரிப்பது என்பதில்தான் குழப்பம்.

இன்ஸ்டாகிராமின் பலம், முன்பின் தெரியாதவர் கண்ணிலும் சரக்கு படும் என்பதுதான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையிலேயே இன்ஸ்டாவில் ரீல்ஸ் என்ற குட்டி வீடியோ வசதி இங்கே வந்துவிட்டது. நூறு பேர்கூடப் பின்தொடராத கணக்கில் போட்ட முந்தானை வீடியோ ஆயிரக்கணக்கானவர்களிடம் போய்ச் சேருவதும் உண்டு. ஆனால் பார்க்கிறவர் எல்லாம் வாங்குகிறவர் இல்லை.

கீழே 'ப்ரைஸ் ப்ளீஸ்' என்று வரிசையாகக் கேட்பார்கள். 'டிஎம் பண்ணுங்க', அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள் என்பார் கடைக்காரர். என்னைக் கேட்டால் இது வேண்டாத ஒளிவுமறைவு. விலையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் அடுத்த ரீலுக்குப் போய்விடுவார். போட்டிக்காரர் தெரிந்துகொள்வார் என்ற பயமா? அவரும் வேறொரு கணக்கிலிருந்து கேட்டுக்கொள்ள மாட்டாரா! போதாக்குறைக்கு, புதியவர் அனுப்பும் செய்தி 'ரிக்வெஸ்ட்' பகுதியில் கிடக்கும். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்க்கும்போது அவர் வேறெங்கோ வாங்கியிருப்பார்.

வாட்ஸ்அப் இதற்கு நேர் எதிர். புதிய ஆளைக் கூட்டி வராது, வந்தவரைத் தக்கவைக்கும். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குக் காசு கிடையாது. அதில் உள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள் வரை விலையோடு அடுக்கலாம். 'நிஜத்தில் இதே கலரா?' என்று கேட்டால், வாசல் வெளிச்சத்தில் சேலையைப் பிடித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம். சேலை வியாபாரத்தில் பாதிச் சண்டை இந்தக் கலரால்தான் வருகிறது.

ஒரு சங்கடம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். ஸ்டேட்டஸ் தெரியவும் அது வேண்டும். அதனால் முதல் பார்சலிலேயே 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுச்சீட்டு வைப்பது பத்து ரீலுக்குச் சமம். அப்புறம், குரூப் வேண்டாம். 1,024 பேரைச் சேர்க்க இடம் இருக்கிறது, சரி. ஆனால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பலருக்கு அது பிடிக்காது, உள்ளே வரும் இன்னொரு வியாபாரிக்கோ அது அல்வா.

ஃபேஸ்புக்கை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. பக்கம் தொடங்கிப் பதிவு போட்டால், காசு கொடுத்து பூஸ்ட் செய்யாமல் அதிகம் பேரிடம் போகாது. ஆனாலும் ஐம்பதைத் தாண்டிய அத்தைகளும் சித்திகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். யூடியூப் வீடியோ வருடக்கணக்கில் தேடலில் கிடைக்கும், ஆனால் தனி ஆள் அதையும் சேர்த்துப் பார்ப்பது சிரமம்.

தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் என் கணக்கு இது: வாரம் இரண்டு ரீல், விலையைத் திரையிலேயே போட்டு. மீதி நேரமெல்லாம் வாட்ஸ்அப்புக்கு. விளம்பரத்துக்குச் செலவு செய்வதாக இருந்தால், தொட்டதும் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கிற வகையைத் தேர்ந்தெடுங்கள். லைக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இன்ஸ்டா, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. 2021 அக்டோபர் 4 அன்று நம்மூர் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல், சேலை லைவ் சூடுபிடிக்கும் நேரத்தில், மூன்றும் ஒன்றாகப் படுத்து ஆறு மணி நேரம் போல எழவில்லை. வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதி வையுங்கள்.