செஸ்னாவில் ஹட்யாய்: 2017-இலிருந்து போய் வந்த அனுபவம்

சுங்கை சிப்புட்டில் டயர் கடை வைத்திருப்பவன் சின்ன விமானம் ஓட்டித் தாய்லாந்தின் ஹட்யாய் நகரத்துக்குப் போகிறான் என்றதும், ஒட்டுக்கடையில் முதல் கேள்வி "அவ்ளோ காசா?" என்பதுதான். விமானம் என்னுடையதில்லை. மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுக்கிற பழைய செஸ்னா 172, மூன்று பேராகச் செலவைப் பிரித்துக்கொள்கிறோம். 2017-இல் ஆரம்பித்தோம், கொரோனா இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டது, 2022 ஏப்ரலில் எல்லை திறந்த பிறகு மறுபடியும் போய் வருகிறோம்.

நேரம் மிச்சமாகும் என்று நம்பி வராதீர்கள். ஒரு தடவை ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றிப் பனிமூட்டம் விலகட்டும் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அன்று காலையில் சுங்கை சிப்புட்டில் ஈடிஎஸ் ரயில் ஏறிப் பாடாங் பெசாரில் மாறிப் போன என் மனைவியும் மாமியாரும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹட்யாயில் சாப்பிட்டு முடித்துத் தூங்கி எழுந்திருந்தார்கள்.

ஈப்போவிலிருந்து லங்காவி 130 கடல்மைல் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். அங்கே குடிநுழைவு, சுங்கம் முடித்தால் ஹட்யாய் இன்னும் அரை மணி நேரம்தான். ஆனால் அதற்கான காகித வேலை மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். தாய்லாந்தில் இறங்க அனுமதி, அந்தப் பக்கம் நம்மைப் பார்த்துக்கொள்ள ஏஜெண்டு, பறப்புத் திட்டம், ஆட்களின் பெயர் போட்ட ஜெனரல் டிக்ளரேஷன். எத்தனை நகல் என்று கேட்காதீர்கள், பத்து எடுத்து வையுங்கள். முதல் பயணத்தில் நான் செய்த கூத்து வேறு. பறப்புத் திட்டத்தில் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும், நம் காலை 9 மணி என்றால் 0100. நான் பாட்டுக்கு 0900 என்று எழுதிவிட்டேன், அதாவது சாயங்காலம் 5 மணி. ஏஜெண்டு போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். ஜெட் எண்ணெய் இந்த இன்ஜினுக்கு ஆகாது, அவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல் வேண்டும், அது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. எங்கள் செஸ்னாவில் பயன்படுவது 150 லிட்டர், மணிக்கு 32 லிட்டர் வாக்கில் குடிக்கும், ஈப்போவில் நிரப்பினால் ஹட்யாய் போய்த் திரும்பியும் ஒரு மணி நேரத்துக்குக் கையிருப்பு இருக்கும். 2019-இல் "டிரம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம்" என்று உறுதி சொன்ன ஏஜெண்டு, போய் இறங்கியதும் கையை விரித்தார். திரும்ப எண்ணெய் இருந்ததால் தப்பித்தோம். காலையில் இறக்கையடியில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நீல எண்ணெய்க்கு அடியில் நிறமில்லாத குமிழ் உட்கார்ந்திருந்தால் அது தண்ணீர். நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம், தெளிகிற வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நூறு லிட்டர் அவ்காஸ் 72 கிலோ. தொட்டி நிறைந்தால் எடைக் கணக்கில் நாலாவது ஆளுக்கு இடமில்லை, மூன்று பேருக்கும் பையை எடை போட்டுத்தான் ஏற்றுவோம். வீட்டுத் தராசு ஒன்றை இதற்காகவே காடியில் வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின் இரண்டு தடவை அதே காடியில் வீடு திரும்பியிருக்கிறது.

டேப்லெட் வரைபடம் அருமை, வெயில் நேராக விழும் வரை. ஒரு தடவை கடலுக்கு மேலே சூடேறித் தானாக அணைந்துவிட்டது, அன்றிலிருந்து மடியில் காகித வரைபடமும் இருக்கும். மிதவைச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்வோம்.

கூட வருகிற ஆள்தான் பெரிய விஷயம். மூன்று விமானங்கள் பத்து நிமிட இடைவெளியில் கிளம்பினால், முன்னால் போனவன் போய்விட்டானே என்று மனசு இழுக்கும். வழியில் தைப்பிங் பக்கம் மலைமேல் மேகம் எப்போதும் தொங்கும். எங்களோடு வரும் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருநாள் அதைப் பார்த்து, "தம்பி, திருப்புறேன்" என்றார், அவ்வளவுதான், விவாதமே இல்லை. ஈப்போவில் இறங்கி ரொட்டி சனாய் பிய்த்துக்கொண்டே அவரைத் திட்டித் தீர்த்தோம். முன்னால் போன இரண்டும் லங்காவியை எட்ட முடியாமல் அலோர் ஸ்டாரில் இறங்கியதாக மத்தியானம் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நான் எல்லை தாண்டியதில்லை.

அடுத்தது பிப்ரவரியில், வடக்கே மழை குறைந்திருக்கும். மாமியாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், ரயிலிலேயே வந்துகொள்கிறாராம்.