கடனுக்கு வளைகுடா, பிள்ளைகளுக்குக் கனடா

அடகில் இருக்கும் வீட்டை மீட்க வேண்டும், தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர் பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போகிறார். பிள்ளைகளின் படிப்பையும் பிற்காலத்தையும் யோசிப்பவர் கனடா பக்கம் பார்க்கிறார். 'சம்பாதிக்கப் போயிருக்கிறார்' என்று ஊர் இருவரையும் ஒரே மாதிரிதான் சொல்கிறது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் வேலைகள் பெருகின. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, பத்தாவது தேறாதவருக்கும் வேலை உண்டு. அப்படிப்பட்டவர் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் அங்கே வேலைக்குப் போக முடியும். ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது விதி. கைமாறும் தொகை வேறு என்பது ஊரறிந்த விஷயம். பழைய கடனை அடைக்கப் போனவர் முதலில் விசாவுக்கு வாங்கிய கடனைத்தான் அடைக்கிறார்!

குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா? அமீரகத்தில் அதற்கு மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். கட்டட வேலைக்காரருக்கு எட்டாத தொகை அது. அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை கிடையாது.

கனடாவில் கணக்கே வேறு. குடியேற வருபவர்களைத் தேர்ந்தெடுக்க 2015-ல் வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, மொழித்திறன், அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். வயதுக்கான முழு மதிப்பெண் 20 முதல் 29 வரை உள்ளவருக்கு. 45 ஆகிவிட்டால் பூஜ்யம். பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைத்தவர் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமை கேட்கலாம். வரியும் டொராண்டோ வாடகையும் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஊருக்குப் பணம் அனுப்புவதில் வளைகுடாக்காரர்தான் முந்துவார்.

1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து கனடா போன தமிழர்களை இந்த ஒப்பீட்டில் வைக்க முடியாது. உயிர் தப்பப் போனவர் சம்பளம் பார்த்து நாடு தேடுவதில்லை. ஆனால் அவர்கள் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வேரூன்றிய பிறகு, பின்னால் வந்த சொந்தக்காரர்களுக்கு அதுவே போதிய காரணமாயிற்று.

சரி, எது மேல்? கடனோடு இருக்கும் வெல்டருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ வளைகுடாதான். கடனில்லாத, நன்றாகப் படித்த இருபத்தேழு வயதுக்காரருக்குக் கனடா. நிலத்தை அடகு வைத்து மாணவர் விசாவில் கனடா போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தக் கூலியில் வட்டி கட்டுவதா, வாடகை கட்டுவதா?