மலைநாட்டுப் போர்வைக்குப் பொலியஸ்டர் வாடிங் தேறுமா?

துண்டுத்துணிப் போர்வையின் மேல்துணியை ஒட்டித் தைத்து முடித்துவிட்டு, உள்ளே எதை வைப்பதென்று தெரியாமல் அலுமாரிக்குள் மடித்துப் போட்டவர்கள் மலைநாட்டில் நிறையப் பேர். கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டு கிலோக் கணக்கில் கிடைப்பதால் மேல்பக்கம் எப்படியோ ஒப்பேறிவிடும். உள்ளீட்டில்தான் வேலை நின்றுபோகும். குஷன் கடைகளிலும் சில புடவைக்கடைகளிலும் மூலையில் ரோலாக நிற்கும் வெள்ளைப் பொலியஸ்டர் வாடிங், அதாவது மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பு, பற்றியது இந்த மதிப்பீடு. சதுர மீற்றருக்கு 150 கிராம் நிறையுள்ள ரகத்துக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். 100 கிராம் ரகம் பண்டாரவளைக்குப் போதும், நுவரெலியாவுக்குப் போதாது. 200 கிராம் ரகம் கையால் தைப்பவருக்குத் தண்டனை.

பருத்தி வாடிங்தான் உயர்ந்தது என்பவர்கள் நன்றாக வெயில் காயும் ஊர்களிலிருந்து சொல்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 65 வீதம் இருக்கும்போது பருத்தி தன் நிறையில் சுமார் 8 வீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொலியஸ்டர் அரை வீதம்கூடப் பிடிக்காது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மழைக்காலத்தில் 65 வீதம் என்பதே வறண்ட நாள். துவைத்த பருத்திப் போர்வை கொடியில் மூன்று நாள் கிடந்தும் நடுவே குளிர்ந்தே இருக்கும், நான்காம் நாள் பூஞ்சண வாடை வரும். இலவம் பஞ்சு மெத்தைக்குச் சரி, போர்வைக்குள் ஒரு தடவை நனைந்தால் உருண்டை உருண்டையாகத் திரண்டு மூலைக்கு ஓடிவிடும். பழைய கம்பளியை உள்ளே வைப்பதும் உண்டு. சூட்டுக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் துவைத்தால் சுருங்கி மேல்துணியையும் கூடவே இழுக்கும். நாலைந்து நூல் சேலையை அடுக்கித் தைக்கும் பாட்டிமார் முறை நல்ல முறைதான், காய்வதற்குத்தான் நாளாகும்.

கடையில் கிராம் எழுதியிருக்காது. “மெல்லிசு, நடுத்தரம், மொத்தம்” என்றுதான் காட்டுவார்கள். ஒரு மீற்றர் வெட்டி நிறுக்கச் சொல்லுங்கள்: 60 அங்குல அகல ரோலில் ஒரு மீற்றர் நீளம் சுமார் 230 கிராம் வந்தால் அது 150 கிராம் ரகம். பிறகு ஓரத்தில் இரு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். பஞ்சுமிட்டாய் போலப் பிய்ந்து வந்தால் இழைகள் ஒட்டப்படாத வாடிங், இரண்டு துவையலில் திட்டுத் திட்டாகிவிடும். கடதாசி போலச் சரசரத்தால் பசை அதிகம், ஊசி ஏறாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மேகம் போலத் திட்டுக்கள் தெரியாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். விலை கேட்கும்போதே அகலத்தையும் கேட்டுவிடுங்கள். 45 அங்குல ரோலைப் பார்த்து மலிவு என்று ஏமாறுவது சுலபம்.

எவ்வளவு வாங்குவது? 60 × 84 அங்குலப் போர்வையை எடுத்துக்கொள்வோம். தைக்கத் தைக்க மேல்துணி உள்ளிழுக்கும், ஆகவே நாலு பக்கமும் 3 அங்குலம் மிகையாக, 66 × 90 வாடிங் வேண்டும். 60 அங்குல ரோலில் ஓரம் இரண்டும் மெலிந்திருப்பதால் 58 தான் கணக்கு. 90 அங்குல நீளத்தில் ஒரு துண்டு, மீதியில் ரோலுக்குக் குறுக்கே 8 அங்குல அகலப் பட்டி இரண்டு என்று வெட்டி, அந்தப் பட்டிகளை நீளவாக்கில் இணைத்துப் பக்கத்தில் சேர்த்தால் முடிந்தது. மொத்தம் 106 அங்குலம், அதாவது 2.75 மீற்றர் போதும். சேர்க்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வைக்கவே கூடாது. அந்த மேடு போர்வை இருக்கும்வரை கையில் தட்டுப்படும். ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து, இரு பக்கமும் மாறி மாறிக் குத்தி, நூலை இறுக்காமல் தைக்க வேண்டும். ரோலில் விழுந்த மடிப்பை நீக்க அயன் பெட்டியைத் தொட்டுவிடாதீர்கள், வாடிங் தகடாக ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு தரையில் விரித்துவிட்டால் தானாக நிமிரும்.

அடுக்குவதற்கும் தைப்பதற்கும் ஏற்ற காலம் சித்திரை முதல் வைகாசி நடு வரை. ஏப்ரல் சீசனுக்கு விக்டோரியா பூங்காவில் கூட்டம் முட்டும் நாட்களில் வீட்டுத் தோட்டத்திலும் டாலியாவும் ரோசாவும் ஹைட்ரேஞ்சியாவும் நிறைந்து நிற்கும். காலை ஒன்பதரைக்குப் பனி ஈரம் காய்ந்தபின் வெளியே வந்தால் பகல் ஒரு மணிவரை நல்ல வெளிச்சம். பிறகு மேகம் கறுத்து இடிமழை வரும், அதற்குமுன் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மேற்குச் சரிவில் வாரக்கணக்கில் தூறல்தான். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு அந்த அவசரமில்லை. ஊவாவில் யூலை, ஓகஸ்டில் வறண்ட காற்று வீசும்.

தோட்டத்தில் வேலை செய்வதற்கென்று சில பத்தியங்கள் உண்டு. புல்லில் நேரே விரிக்காதீர்கள், கீழே படங்கு போட்டாலும் ஈரம் ஏறும், அட்டையும் ஏறும். மேசை அல்லது திண்ணைதான் சரி. லில்லிப் பூவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். அந்தச் செம்மஞ்சள் மகரந்தம் வெள்ளைத் துணியில் விழுந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்த்த மறுகணமே நிரந்தரக் கறை. உலரவிட்டு, டேப் ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். ஊசி குத்தி இரத்தம் பட்டால் உடனே பச்சைத்தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். குத்துப்பட்டவருடைய எச்சிலே நல்ல மருந்து என்று பழைய தையற்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

அடித்துணியை மேசையில் விறைப்பாக, ஆனால் இழுபடாமல் டேப்பால் ஒட்டி, வாடிங், மேல்துணி என்று அடுக்க வேண்டும். தைத்து முடியும்வரை அடுக்கு நகராமல் பிடிக்கச் சேப்டி பின் சிபாரிசு செய்பவர்கள் பலர். நாலங்குலத்துக்கு ஒன்று என்றால் இந்த அளவுப் போர்வைக்கு 300க்கு மேல் வேண்டும். மலிவுப் பின் ஒரு கிழமை மூடுபனியில் கிடந்தால் ஒவ்வொன்றும் துணியில் ஒரு துருப்புள்ளி விட்டுப் போகும். வெள்ளை நூலால் நாலங்குல இடைவெளியில் நெட்டுக்கும் குறுக்கும் நூலோட்டம் போடுவதே மேல். கலர் நூல் வேண்டாம், சாயம் விடும். பொலியஸ்டர் வழுக்கும் சரக்கு, பருத்தி போலத் துணியைப் பற்றிக்கொள்ளாது. நூலோட்டத்தில் சோம்பல்பட்டால் அடித்துணியில் சுருக்கம் விழும், அது தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் குயில்ட் தையல் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். நீளம் குறைந்த, மெல்லிய 9ஆம் இலக்க ஊசி, ஒரு முழம் நூல். அதைவிட நீளம் போனால் நூல் தேய்ந்து முறுக்கிக்கொள்ளும். முடிச்சு வெளியே தெரியக்கூடாது: தையல் தொடங்கும் இடத்துக்கு ஓரங்குலம் தள்ளி ஊசியை மேல்துணிக்குள் விட்டு, வாடிங் வழியாக ஓட்டி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுத்து, நூலை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு ‘டக்’கென்று துணியைத் தாண்டி வாடிங்குக்குள் பதுங்கிவிடும். பருத்தியைவிடப் பொலியஸ்டரில் இது சுலபம், ஊசியும் சறுக்கிக்கொண்டு போகும். அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல் வந்தால் நல்ல கை. தையல் வரிகளுக்கிடையே நாலங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

நான்கு புள்ளிக்கு மேல் கொடுக்காததற்குக் காரணம் ஒன்றுதான்: மயிர் கிளம்புவது. சில மாதங்களில் மேல்துணியின் மேல் வெள்ளை இழைகள் எட்டிப்பார்க்கும், கருநீலத்திலும் கறுப்பிலும் அசிங்கமாகத் தெரியும். இழை வழுவழுப்பானது. நெசவு தளர்ந்த துணியிலும் ஊசி போட்ட துளையிலும் சுலபமாக நுழைந்து வந்துவிடும். முனை மழுங்கிய ஊசி தானே இழையைப் பிடித்து மேலே கொண்டுவரும், ஆகவே ஒரு போர்வைக்கு இரண்டு மூன்று ஊசி மாற்றுவது வீண்செலவில்லை. கிளம்பியதைப் பிடுங்கினால் பின்னால் இன்னும் நாலு வரும். மட்டமாகக் கத்தரித்துவிடுங்கள். கடும் நிறத் துணி அதிகம் என்றால் மேல்துணிக்கும் வாடிங்குக்கும் நடுவே மெல்லிய வொயில் துணி ஒன்று கொடுப்பது நல்லது.

ஓரப்பட்டிக்கு 44 அங்குலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டிகள் எட்டு வெட்ட வேண்டும், 60 சென்ரிமீற்றர் துணி போதும். சுற்றளவு 288 அங்குலம், சாய்வு இணைப்புகளுக்கும் மூலைகளுக்கும் சேர்த்து 320 வரை போகும். பட்டியை இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தைத்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்னே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கி மடித்துப் பின் கீழே இறக்க வேண்டும். வாடிங்கை முதலே வெட்டிவிட்டால் பட்டிக்குள் வெற்றிடம் விழுந்து ஓரம் சப்பையாகும். முன்பக்கத் தையல் போட்டபின் வெட்டுங்கள். பின்பக்கம் மறைதையல்.

துவைப்பது பச்சைத்தண்ணீரில், பிழியாமல். ஒரே கொடியில் போட்டால் ஈரத்தின் பாரம் தையலை இழுக்கும், ஒரு முழம் தள்ளி இன்னொரு கொடி கட்டி இரண்டின் மேலும் பரப்ப வேண்டும். மேல்துணி உள்பக்கமாக இருக்கட்டும், உயரத்து வெயில் குளிராகத் தெரிந்தாலும் நிறத்தை உறிஞ்சும்.

கணக்கில் 8 × 26 அங்குலத் துண்டொன்று மிஞ்சும். அதைச் சூட்டுப்பாத்திரம் பிடிக்கும் துணிக்குள் வைத்துவிடாதீர்கள், அடுப்புச் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். தேநீர்ப் பாத்திரத்துக்கு மேல் கவிழ்க்கும் உறை தைக்கலாம், இரண்டு பக்கத்துக்கும் அளவெடுத்தது போல் சரியாக வரும்.