யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: டிக்கெட் வாங்குமுன் பிள்ளையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட்டை வயதைப் பார்த்து விற்கிறார்கள்; சவாரிக்கு உயரத்தைப் பார்த்து விடுகிறார்கள். குடும்பமாகப் போகிறவர்களின் மனக்கசப்பில் பாதி இங்கேதான் பிறக்கிறது. 4 வயது நிரம்பிய பிள்ளைக்குச் சிறுவர் டிக்கெட், 13 வயதுக்குப் பெரியவர் டிக்கெட். ஆனால் 4 வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் 103 செ.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும்; பெரிய சவாரிகளுக்கு அது போதாது. ஊரிலிருந்து அத்தை குடும்பம் வந்திருக்கிறது, எல்லாருமாகப் போவோம் என்று முடிவானதும் டிக்கெட் விலையைத்தான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிற்கவைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

92 செ.மீ. இருந்தால் ‘கேனப்பி ஃபிளையர்’, ‘என்சாண்டட் ஏர்வேஸ்’ இரண்டிலும் ஏறலாம். ‘புஸ் இன் பூட்ஸ்’ சவாரிக்கு 100 வேண்டும். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ 102, ‘ஜுராசிக் பார்க்’ படகுச் சவாரி 107. அதற்கு மேல் ஒரு பெரிய தாவல்: ‘மம்மி’க்கு 122, ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ ரோலர் கோஸ்டரின் சிவப்பு, நீலத் தடங்கள் இரண்டுக்கும் 125. சராசரி வளர்ச்சியில் 122ஐத் தொட ஏழு வயதாகும். எட்டு வயதில்தான் 125 தாண்டும். ஆக, ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு போகிறவர்கள் விளம்பரத்தில் முதலில் காட்டப்படும் சவாரிகளை மறந்துவிடலாம். பிள்ளைக்கும் அதை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் அளவுகோலுக்குக் கீழே நின்று அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஓரிரு செ.மீ. குறைந்தாலும் ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை. கெஞ்சவும் கூடாது. தோளிலும் மடியிலும் இறங்கும் பூட்டு ஒரு குறிப்பிட்ட உடலளவுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. தடிமனான காலணி போட்டு ஏமாற்றினால் ஆபத்து பிள்ளைக்குத்தான்.

உயரம் போதாத பிள்ளை இருந்தால் ‘சைல்ட் ஸ்வாப்’ என்ற ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். அப்பா வரிசையில் நின்று சவாரி போய் வருவார், அம்மா பிள்ளையோடு காத்திருப்பார். பிறகு அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசையில் நுழையும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. இந்தப் பூங்காவில் எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அடுத்தது இடி. சிங்கப்பூரில் மழையைவிட மின்னல்தான் நாளைக் கெடுக்கும். பூங்காவின் பல நடைபாதைகளுக்கு மேலே கூரை இருப்பதால் நனையாமல் நடக்கலாம். ஆனால் பக்கத்தில் மின்னல் அபாயம் என்றதும் திறந்தவெளிச் சவாரிகள் நின்றுவிடும். அபாயம் நீங்கும்வரை தொடங்காது. பேட்டில்ஸ்டாரின் உயரம் 42.5 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வரிசையில் ஏற்கெனவே நிற்பவர்கள் காத்திருக்கலாம் அல்லது வெளியேறலாம், அவ்வளவுதான். மழை பெய்தது என்பதற்காகப் பணம் திரும்பி வராது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வரும். அப்போதும் பிற்பகலிலும் மாலையிலும்தான் பெரும்பாலும் கொட்டும். ஜூன் விடுமுறையில் கதை வேறு: சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை விடியற்காலையிலிருந்து நண்பகலுக்குள் அடித்து ஓய்ந்துவிடும். அதனால் டிசம்பரில் காலையில் வெளிச் சவாரிகளை முடித்துவிட்டு, வானம் கறுத்ததும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ‘செசமி ஸ்ட்ரீட்’ என்று உள்ளே ஒதுங்குங்கள். ஜூனில் வாசல் திறக்கும்போது மழை பெய்துகொண்டிருந்தால் இதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஇஎன்வி’ செயலியில் மழை மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று படத்தில் பார்க்கலாம். வரிசையில் சேரும் முன் அதை ஒரு முறை திறந்து பார்ப்பது, வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைவிட உதவும் நாட்கள் உண்டு.

எக்ஸ்பிரஸ் பற்றி ஒரு வார்த்தை. அதன் விலை நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறையிலும் பொது விடுமுறையிலும் நுழைவு டிக்கெட்டுக்கு மேல் கணிசமாகச் செலவாகும். சாதாரண வகையில் ஒவ்வொரு சவாரிக்கும் ஒரே முறைதான், அளவில்லாத வகை வேறு. எல்லாருக்கும் வாங்கத் தேவையில்லை. பாட்டி, தாத்தாவுக்கும், பெரிய சவாரிகளில் ஏற முடியாத சின்னப் பிள்ளைக்கும் வாங்குவது வீண் செலவு. 125 தாண்டியவர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். வாரநாளில், பள்ளி நடக்கும் காலத்தில் போனால் எக்ஸ்பிரஸே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தனியாக ஏறத் தயங்காதவர்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் மம்மியிலும் ஒற்றையர் வரிசை இருக்கிறது, கூடுதல் கட்டணம் இல்லை. காலியாக இருக்கும் ஓர் இருக்கையில் உங்களை உட்காரவைப்பார்கள். குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது.

கூட்டம் எங்கே சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேனப்பி ஃபிளையரில் ஒரு தடவைக்கு ஏறுகிறவர்கள் மிகவும் குறைவு, அதனால் வரிசை பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தாலும் நகராது. அதற்குக் காலையில் முதலில் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முன்பு மடகாஸ்கர் இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் பிள்ளைகளின் புதிய விருப்பம்; சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் நாளை அங்கே தொடங்குவதே நல்லது.

ஜுராசிக் படகில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் நனையத் தயாராக இருக்க வேண்டும். வட்டப் படகு சுழன்றுகொண்டே போவதால் தண்ணீர் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. நனைந்த ஜீன்ஸோடு குளிரூட்டிய அரங்குகளில் உட்கார்ந்தால் பிள்ளை குளிரில் நடுங்கும். மாற்றுத் துணி, பிளாஸ்டிக் பை, சீக்கிரம் உலரும் காற்சட்டை இவை போதும். மழைக்கோட்டை உள்ளே வாங்காமல் அக்கம்பக்கத்துக் கடையில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் சேலையையும் நீளத் துப்பட்டாவையும் அன்றைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள், பூட்டில் சிக்கும்.

சாப்பாட்டில்தான் நம் குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. வெளி உணவை உள்ளே கொண்டுபோக முடியாது. குழந்தை உணவுக்குத் தடையில்லை. பண்டைய எகிப்துப் பகுதியில் இருக்கும் ‘ஓயசிஸ் ஸ்பைஸ் கஃபே’ ஹலால் உணவகம், நம் நாக்குக்குப் பக்கத்தில் வருவது அதுதான். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்வு மிகக் குறைவு, விலையோ உணவங்காடி நிலையத்தோடு ஒப்பிடவே முடியாதது. அதனால் காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டிக்கு எதிரே இருக்கும் சியா இம் உணவங்காடி நிலையத்தில் இந்திய முஸ்லிம் கடைப் பரோட்டா கிடைக்கும். லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கும் உறவினர்கள் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வடகிழக்குப் பாதையில் ரயில் மாறாமலே ஹார்பர்ஃபிரண்ட் வந்துவிடலாம். தண்ணீர் போத்தலை மறக்காதீர்கள். பகல் ஒரு மணிக்கு உணவகங்களில் இடம் கிடைக்காது; பதினொன்றரைக்குச் சாப்பிட்டால் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் சவாரியில் இருப்பீர்கள்.

முதியவர்களை அழைத்துப் போகலாமா? போகலாம். ஆனால் முதுகுவலி, இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு வேகச் சவாரிகள் கூடாது. இருட்டில் பின்னோக்கி இழுத்துப் போகும் மம்மியில் தாத்தாவை ஏற்றாதீர்கள். ‘வாட்டர்வேர்ல்ட்’ காட்சியும் நியூயார்க்கைப் புயல் தாக்குவதுபோல் காட்டும் அரங்கமும் அவர்களுக்கு ஏற்றவை. வாட்டர்வேர்ல்டின் முன்வரிசைகளில் தண்ணீர் வாரியிறைக்கும், மேல்வரிசையில் உட்காரவையுங்கள். காட்சி நேரம் அன்றன்றைக்கு மாறும், நுழைந்ததும் குறித்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் குறிப்பிட்ட நாளுக்கானது, ஆகவே பூங்காவின் நேரத்தையும் அந்த நாளுக்கே பாருங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை நடக்கும் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ நாட்களில் பகல்நேரப் பூங்கா முன்கூட்டியே மூடப்படும். அதே விலையில் குறைந்த நேரம் கிடைக்கும் அந்த நாட்களைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது.

எங்கள் மதிப்பீடு: எல்லாரும் 125 தாண்டிய குடும்பத்துக்குக் கொடுத்த வெள்ளிக்கு ஏற்ற இடம். 107க்கும் 122க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கும் நல்ல நாளாக அமையும். எல்லாப் பிள்ளைகளும் 100க்குக் கீழே என்றால் ஓரிரு வருடம் பொறுங்கள். இதே பணத்தில் மண்டாய் விலங்குத் தோட்டம் அவர்களுக்கு அதிகம் கொடுக்கும்.

போக்குவரத்துக்கு: விவோசிட்டி மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், போகும்போது மட்டும் கட்டணம். தீவிலிருந்து திரும்பும்போது இலவசம் என்றாலும் மூடும் நேரத்தில் நடைமேடை நிரம்பி வழியும். தூங்கி விழும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தால், விவோசிட்டிக்கு வரும் கூரையிட்ட நடைபாதையே சிரமம் குறைந்த வழி. நடக்க முடியாதவர்கள் 123ஆம் எண் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.