6,800 ரூபாய்க்கு டர்பன்டைன் வாசம்: குந்திரிக்க எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கழுத்து இன்னும் அரிக்கிறது. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் 'போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். 6,800 ரூபாய். 50 மில்லி குந்திரிக்க எண்ணெய்க்கு நான் கொடுத்த பணம். நல்ல எண்ணெயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

குந்திரிக்கம், ஆங்கிலத்தில் ஃபிராங்கின்சென்ஸ் என்கிற மரப் பிசின், எங்களுக்குப் புதிய பொருள் இல்லை. நாகர்கோவில் பக்கம் சர்ச் பூசையில் தூபக்கலசம் ஆடும்போது வரும் வாசம் அதுதான். மாமி வீட்டிலும் சனிக்கிழமை சாயங்காலம் கரண்டியில் கனல் எடுத்துப் போடுவார். எங்கள் தெருவில் ஓர் அண்ணன், ஓமானில் சலாலாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ஒருமுறை ஒரு கை நிறைய ஓமான் குந்திரிக்கம் கொடுத்தார். ஹோஜாரி என்கிற ரகம். தோஃபார் மலைக்கு அந்தப் பக்கம் மழை எட்டாத இடத்தில் வளரும் மரத்தைச் சீவிவிட்டு, வடிகிற பாலைக் காயவைத்து எடுப்பார்களாம். வெள்ளைக்குள் இளம்பச்சை ஓடிய துண்டுகள். கனலில் போட்டதும் முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம், அதற்குப் பிறகுதான் கோயில் வாசம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தியானத்துக்கு உட்காரும்போது ஒரே ஒரு துண்டு போடுவேன். நாலு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அந்த எலுமிச்சை வாசத்தைத் தேடிப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

படம் போட்டு விற்கிற தளம் ஒன்றில் வாசனை எண்ணெய்க் கடை. பெயர் சொல்லவில்லை, சொன்னால் இன்னொரு பெயரில் நாளைக்கே கடை போடுவார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் 'மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த அதே வாசனை' என்று விளம்பரம். ஓமான் ஹோஜாரி, நீராவியில் வடித்தது, நூறு சதவீதம் சுத்தம். முகத்துக்கு, அத்தருக்கு, தியானத்துக்கு. மூன்றுமே எனக்கு வேண்டியிருந்தது. தையில் அக்கா மகள் கல்யாணம். வருகிற பெண்களுக்குத் தாம்பூலப் பையில் போட, சந்தனமும் வெட்டிவேரும் குந்திரிக்கமும் சேர்த்து உருட்டிப் பூசுகிற சின்ன அத்தர் பாட்டில் இருபத்தைந்து செய்வதாக வாக்கு கொடுத்திருந்தேன்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒன்பது கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் குரல் பதிவில் பதில் வந்தது, பொறுமையான பெண் குரல், வாய்க்கு வாய் அக்கா. ஆய்வக அறிக்கை என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். கிலோக் கணக்கில் பிசின் வடித்தால் மில்லிக் கணக்கில்தான் எண்ணெய் வரும், அதுதான் விலை என்றாள். அது உண்மை. ஒரு கிலோவுக்கு 50 முதல் 90 மில்லி தேறினால் பெரிது. நான் விழுந்த இடம் எது தெரியுமா? "அக்கா, இதை அப்படியே முகத்துல போட்டுராதீங்க. 30 மில்லி ஜோஜோபா எண்ணெய்க்கு ஆறு சொட்டுக்கு மேல வேண்டாம். நான் விக்கிறேன்னு நிறைய யூஸ் பண்ணச் சொல்ல மாட்டேன்." விற்கிறவளே குறைவாகப் பூசு என்கிறாள் என்றால் அதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்? அந்தப் பதிவை இவரிடமும் போட்டுக் காட்டினேன். "நேர்மையான பொண்ணா தெரியுதே" என்றார். அந்த நிமிடமே யுபிஐயில் 6,800 அனுப்பினேன். கடை கணக்கு இல்லை, ஏதோ ஓர் ஆளின் சொந்த எண். பில் பார்சலுக்குள் இருக்கும் என்றாள். இல்லை.

பார்சல் ராஜாக்கள் திருநாளுக்கு (ஜனவரி 6) மறுநாள் வந்தது. பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், தங்க நிற எழுத்து, சணல் பை, உள்ளே காய்ந்த ரோஜா இதழ்கள் வேறு. மூடியைத் திறந்தேன். சுர்ரென்று ஏறியது. எலுமிச்சையைக் காணோம். மாமி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கிப் பார்த்து, "என்னது மக்களே, பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கா? டர்பன்டைன் வாசம்லா வருது" என்றார்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் அவளிடம் கேட்டேன். "ஒரிஜினல்ல அந்த வாசம் இருக்கும் அக்கா, பைனீன் இருக்குல்ல? புகை வாசம் வேற, எண்ணெய் வாசம் வேற." இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவள் சொன்ன இரண்டுமே உண்மை! ஓமான் குந்திரிக்க எண்ணெயில் ஆல்ஃபா பைனீன் என்கிற வாசனைச் சரக்குதான் அதிகம், பைன் மரத்திலிருந்து வருகிற டர்பன்டைனிலும் அதுவே முக்கியச் சரக்கு. அதனால்தான் கலப்படக்காரர்களுக்கு டர்பன்டைன் அவ்வளவு வசதி. அரை உண்மையை வைத்து முழு ஆளையும் கவிழ்த்துவிட்டாள். என் மூக்கும் மாமி மூக்கும் சொன்னதை விட்டுவிட்டு குரல் பதிவை நம்பினேன்.

தியானத்துக்கு, மெழுகுவத்தி வைக்கும் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு விட்டேன். பத்து நிமிடத்தில் கண் எரிந்தது, இருமல். தண்ணீர் வற்றிய பிறகு கிண்ணத்தின் அடியில் தோசைக்கல் ஓரத்தில் படியுமே, அந்த மாதிரி ஒரு பிசுக்கு. துணியால் துடைத்தால் இழுபட்டது. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? அத்தர் ஒரு பாட்டில் மாதிரிக்குக் கலந்து கழுத்தில் உருட்டினேன், முகத்துக்கு அவள் சொன்னபடி ஆறு சொட்டுக் கணக்கில். மறுநாள் காலை கழுத்தில் பேனாவால் கோடு போட்ட மாதிரி, உருட்டின பாதையிலேயே சிவந்து தடித்திருந்தது. மூன்றாம் நாள் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். கன்னம் அவ்வளவு இல்லை, எரிச்சல் மட்டும். தோல் டாக்டர் பார்த்ததும் பட்ட இடத்தில் வந்த ஒவ்வாமை என்றார். பழைய காலத்துப் பெயிண்டர்கள் கைகளில் டர்பன்டைனால் இப்படி வருமாம், காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டால் இன்னும் மோசமாம். மஞ்சள் அரைத்துப் போடாதே என்று முதலிலேயே திட்டினார் (போட்டிருந்தேன்).

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் முழுக்க வைத்தேன். வடித்த எண்ணெய் என்றால் பெரும்பாலும் பறந்துபோய் லேசான தடம்தான் மிஞ்சும். இது பஜ்ஜி மடித்த தாள் மாதிரி ஊடுருவி நின்றது, பின்னால் வைத்த விரல் தெரிகிறது. ஏதோ சமையல் எண்ணெயும் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. ஏற்கெனவே போனது 6,800, அதற்கு மேல் செலவழிக்க மனமில்லை.

பிறகு அந்த பிடிஎஃபை உட்கார்ந்து படித்தேன். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. அறிக்கையில் இருப்பது போஸ்வெல்லியா செராட்டா. அது நம் நாட்டு மரம், மத்தியப் பிரதேசக் காடுகளில் பிசின் எடுப்பார்கள். ஓமான் மரம் போஸ்வெல்லியா சாக்ரா. இரண்டும் பங்காளிகள்தான், நம் நாட்டுச் சரக்கு மட்டம் என்றும் நான் சொல்லவில்லை, ஆனால் விலை அதன் பக்கத்தில்கூட வராது. தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்) என் பாட்டிலில் எங்குமே இல்லை. அறிக்கையில் தேதி இரண்டு வருஷம் பழசு, வாங்கிய நிறுவனத்தின் பெயர் இருந்த இடம் வெள்ளையடித்திருக்கிறது. ஆக, யாருடைய எண்ணெய்க்கோ யாரோ எடுத்த அறிக்கை.

இனி சாக்குகள். முதல் நாள்: "உங்க ஸ்கின் டைப்புக்கு செட் ஆகல போல அக்கா." இரண்டாம் நாள்: "அது டீடாக்ஸ், உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, ஒரு வாரம் விடாம போடுங்க." கொப்புளத்தின் படத்தை அனுப்பியதற்கு இது பதில்! மூன்றாம் நாள்: "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" யார் எடுப்பார்கள் அதையெல்லாம்? ஐந்தாம் நாள் அக்கா மேடம் ஆனது. "மேடம், சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது." சீல் உடைக்காமல் எப்படி முகர்ந்து பார்ப்பது என்று கேட்டேன். பதில் இல்லை. ஏழாம் நாள், ஓனர் ஊரில் இல்லை. ஒன்பதாம் நாள், அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம், ரோஸ் எண்ணெய் புதிதாக வந்திருக்கிறது. பத்தாம் நாள் அவர்களுடைய படம் இருந்த இடத்தில் வெறும் வட்டம் வந்துவிட்டது. என்னைத் தடை செய்துவிட்டார்கள். மாமி போனிலிருந்து பார்த்தேன், கடை திறந்துதான் இருக்கிறது. அதே பாட்டில், அதே ரோஜா இதழ், இப்போது 7,200.

கல்யாணத்துக்கு அத்தர் இல்லை. தாம்பூலப் பையில் வெட்டிவேர்க் கட்டு ஒன்று போட்டு ஒப்பேற்றினோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதுகிறேன் என்றேன். மணி பதினொன்றாகிவிட்டது, மாமிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், அதனால் சட்டுபுட்டென்று சொல்கிறேன். பாட்டிலில் மரத்தின் முழுப் பெயரும் தொகுப்பு எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இருக்கிறதா பாருங்கள், அறிக்கையில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். தெரபியூட்டிக் கிரேடு (மருத்துவத் தரம்) என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள், அப்படி அரசாங்கத் தரம் எதுவும் கிடையாது. 'போஸ்வெல்லிக் ஆசிட் நிறைந்தது, சுருக்கம் போகும்' என்று எண்ணெயை விற்றால் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை அல்லது தெரிந்தே புளுகுகிறார். அது கனமான சரக்கு, நீராவியில் ஏறி வராது, பிசினிலேயே தங்கிவிடும். முதலில் 5 மில்லி வாங்குங்கள். ஜோஜோபா எண்ணெயில் கலந்து முழங்கை உள்பக்கம் தடவி இரண்டு நாள் பொறுங்கள். தாள் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், டர்பன்டைனும் பறந்துவிடும், சமையல் எண்ணெய் கலந்தால்தான் அது காட்டிக்கொடுக்கும். தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். நான் போட்டேன்.

1915, நுகர்வோர் உதவி எண், நேற்று கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். இணையத்தில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-லேயே விதி வந்திருக்கிறது. பில் இல்லாததால் யுபிஐ ரசீதும் குரல் பதிவுகளும் கொடுக்கப் போகிறேன், அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பாட்டிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறவனிடம் கொடுத்துவிடு என்று மாமி தினமும் சொல்கிறார், புகார் முடியட்டும் என்றிருக்கிறேன்.

6,800 திரும்பி வந்தால் வந்து சொல்கிறேன்.