கொக்கி சரியில்லாத எலிக்கூண்டு: ஐந்து ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் எலிக்கூண்டின் கதவை மூடும் சுருள்வில்லை மூன்றாவது முறையாக மாற்றினேன். அன்று மாலையே நண்பர் ஒருவர், "கூண்டு வாங்கலாமா, பிளக்கில் செருகினால் நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்கிறார்களே, அந்த மீயொலிக் கருவி வாங்கலாமா?" என்று கேட்டார்.

கருவி வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே அதன் கீழே புழுக்கை கிடந்தது. சான்றில்லாமல் பலன் சொல்லி விற்கக் கூடாது என்று 2001லேயே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 60க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்திருக்கிறது.

கம்பிக் கூண்டு அப்படியல்ல. பெரிய எலி உள்ளே போனால் தப்பியதில்லை. என்னைப் படுத்துவது அந்தக் கொக்கிதான். இரையை வெடுக்கென்று இழுத்தால்தான் அது நழுவிக் கதவு மூடும். சுண்டெலி இழுப்பதில்லை, மசால் வடையை ஓரத்திலிருந்து பொறுமையாகக் கொறித்துவிட்டு வந்த வழியே போய்விடும். காலையில் கதவு திறந்தே இருக்கும், கொக்கியில் ஒரு கடலைப்பருப்பு ஒட்டியிருக்கும். கொப்பரைத் துண்டை நூலால் இறுகக் கட்டிய பிறகுதான் மாட்டத் தொடங்கின. கொப்பரை உதிராது, இழுத்தே ஆக வேண்டும். குட்டிகளோ கம்பி இடுக்கிலேயே நுழைந்து வெளியேறிவிடுகின்றன.

எலி பிடிபட்டால் கையுறை அணிந்து கூண்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவுவது.

உண்மையில் தொல்லை ஓய்ந்தது வேறொன்றால். பென்சில் நுழையும் சந்து, அதாவது 6 மி.மீ. அளவு இருந்தால் சுண்டெலிக்குப் போதும். பாத்திரத் தொட்டியின் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் அப்படி ஒரு சந்து இருந்தது. முதலில் துணியை அடைத்தேன், இரண்டே நாளில் கடித்துக் குதறிவிட்டன. பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினேன். எட்டு மாதமாகச் சமையலறை அமைதியாக இருக்கிறது.

ஒட்டும் அட்டையை ஒரே ஒரு முறை வைத்தேன். விடியும்வரை உயிரோடு துடித்த அந்தச் சின்ன உடலை மறக்க முடியவில்லை. அதோடு ஒப்பிட்டால் கூண்டு எவ்வளவோ மேல். ஆனாலும் வாங்காதீர்கள். ஒரு கொக்கியை ஒழுங்காக வளைக்கத் தெரியாதவர்களுக்கு இன்னொரு முறை பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பென்சிலோடு சுவரோரம் பார்த்து, முதலில் சந்துகளை அடைத்துவிடுங்கள். அதற்குள் உள்ளே இருப்பதைப் பிடிக்க என் கூண்டை எடுத்துப் போங்கள். வில் புதியது.