ஜேர்மானியமோ, சிலிக்கனோ, பிக் மஃப்போ: எங்கட வெக்கைக்கு எந்த ஃபஸ்ஸைக் கட்டுறது?

போன கிழமை இணுவில் தம்பி ஒருத்தன் கோல் எடுத்துக் கேட்டவன், "அண்ணை, ஃபஸ் பெடல் ஒண்டு கட்டப்போறன், ஜேர்மானியம் நல்லதோ சிலிக்கன் நல்லதோ" எண்டு. ஃபஸ் எண்டால் கிற்றார்ச் சத்தத்தை வேணுமெண்டே கரகரப்பாச் சிதைக்கிற பெடல், ஜேர்மானியமும் சிலிக்கனும் அதுக்குள்ள நிக்கிற ரான்சிஸ்டரின்ர வகை. நான் திருப்பிக் கேட்டன், "உன்ர கிற்றாருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில என்னென்ன கிடக்கு?" ரியூனர் பெடல் ஒண்டு, பிறகு "வா வா" எண்டு சத்தத்தை வளைக்கிற வா பெடல், கிற்றாரில கம்பியின்ர அதிர்வைச் சிக்னலா மாத்துற பிக்கப்பும் பற்றரி போடுற அக்ரிவ் வகை எண்டான். அதோட கேள்வியே மாறிப்போச்சு. ஃபோனில சொல்லி முடியாது எண்டபடியால் இதை எழுதுறன், கன வருசமாக் கட்டியும் கழட்டியும் பார்த்ததில விளங்கினதை வைச்சு.

மூண்டு சேர்க்கிட்டைத்தான் எடுக்கிறன்: ஜேர்மானியம் போட்ட ஃபஸ் ஃபேஸ், சிலிக்கன் போட்ட அதே ஃபஸ் ஃபேஸ், பிக் மஃப். ரோன் பெண்டர், ஒக்ரேவியா எண்டு இன்னும் கனக்க இருக்கு, ஆனா முதல்தரம் கட்டுற ஆளுக்கு இந்த மூண்டே காணும்.

ஃபஸ் ஃபேஸ் 1966 இல லண்டனில ஆர்பிற்றர் கொம்பனி வெளியில விட்டது, கிற்றார்காரன் ஜிமி ஹென்ட்ரிக்ஸின்ர காலடியில கிடந்ததும் இதுதான். ரெண்டு ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூண்டு கப்பாசிட்டர், ரெண்டு பொட் (திருப்புற குமிழ்), வேற ஒண்டும் இல்லை. ரெசிஸ்டர் 33 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம், 470 ஓம், 100 கிலோ ஓம். ஒரு பின்னேரத்தில சோல்டர் பண்ணி முடிச்சிடலாம், ஆனா அதை வடிவாப் பாட வைக்கிறதுக்கு ஒரு மாசம் எடுக்கும், ஏனெண்டால் இவ்வளவு குறைஞ்ச சாமானோட இருக்கிற சேர்க்கிட்டில ஒவ்வொரு சாமானின்ர குணமும் வெளியில தெரியும்.

ஜேர்மானியத்தை எங்க எடுக்கிறது? இணையத்தில விக்கிறதில பேரை மாத்தி அச்சடிச்சதுகளும் இருக்கு, அதாலதான் நான் பழைய ரேடியோக்களைத் தேடுறன். என்ர முதல் சோடி பெரியப்பாவின்ர ரேடியோவில இருந்து வந்தது. 1990 க்குப் பிறகு கரண்டும் இல்லை, பற்றரியும் தடை எண்ட காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்ட ரேடியோ அது, எங்கட ஊரில அப்பிடிக் கேக்காத வீடு குறைவு. அதின்ர அவுட்புட் பக்கத்தில ரெண்டு ஏசி128 சோடியா நிண்டது. கழட்டுறதுக்கு முதல் பெரியப்பாவிட்டக் கேட்டனான், "கழட்டு, சும்மா கிடந்து துருப்பிடிக்கிறதுக்குப் பாடட்டும்" எண்டவர்.

கழட்டின உடன மல்ரிமீற்றரின்ர ஓட்டையில செருகிப் பார்த்து வாற இலக்கத்தை நம்பாதேங்கோ. ஜேர்மானியத்தில ஒழுக்குக் கரண்ட் (சும்மா கசியிற கரண்ட்) இருக்கு, மீற்றர் அதையும் பெருக்கம் எண்டு சேர்த்துக் காட்டும். ரான்சிஸ்டருக்கு எமிற்றர், பேஸ், கலெக்டர் எண்டு மூண்டு கால். 9 வோல்ட் பற்றரி ஒண்டு எடுத்து, எமிற்றரை ஒரு பக்கத்திலயும் கலெக்டரை 2.2 கிலோவும் 270 ஓமும் தொடராப் போட்டு மற்றப் பக்கத்திலயும் குடுத்து (ஏசி128 மாதிரி பிஎன்பி வகை எண்டால் எமிற்றர் பிளஸ்ஸுக்கு), பேஸை ஒண்டுக்கும் தொடுக்காமல் அந்த ரெசிஸ்டர்களுக்குக் குறுக்கால வோல்ட்டைப் பாருங்கோ, அது ஒழுக்கு. பிறகு பேஸை 2.2 மெகா ஓமால கலெக்டர் பக்கத்து பற்றரி முனைக்குத் தொடுத்துத் திருப்பிப் பாருங்கோ. ரெண்டுக்கும் வித்தியாசத்தை நூறால பெருக்கினால் உண்மையான பெருக்கம் வரும், ஏனெண்டால் பேஸுக்குள்ள போறது கிட்டத்தட்ட 4 மைக்ரோஅம்பியர். மீற்றர் 140 எண்டு காட்டின என்ர ஏசி128 இப்பிடி அளக்க 80 தான். அதை முதலாவது இடத்தில போட்டன், 120 வந்ததை ரெண்டாவது இடத்தில போட்டன், சத்தம் அப்பத்தான் திறந்தது. கை தொட்ட சூடும் கணக்கை மாத்தும், பிடிச்சுச் செருகினால் ரெண்டு நிமிசம் விட்டிட்டு அளவுங்கோ.

ஜேர்மானியத்தின்ர சத்தத்தை எப்பிடிச் சொல்ல. 1962 இல மாஸ்ட்ரோ எஃப்சட்-1 எண்டு முதலாவது ஃபஸ் பெடல் கடைக்கு வரேக்க, கிற்றாரை ட்ரம்பெட் மாதிரியும் ரியூபா மாதிரியும் ஆக்கும் எண்டுதான் வித்தவை. எனக்கு அது நாதஸ்வரமாத்தான் கேக்குது, சீவாளி நனைஞ்சு பதமா வந்த பிறகு வாற அந்தத் தடிப்பும் ஓரத்தில ஒரு மெல்லிய கரகரப்பும். கிற்றாரின்ர வொலியூமைக் கொஞ்சம் குறைச்சால் கண்ணாடி மாதிரித் தெளியும், கூட்டினால் உறுமும், பெடலைத் தொடவே தேவையில்லை. மார்கழி விடியக்காலமை குளிரில அதை வாசிச்சுப் பார்த்தவன் சிலிக்கனுக்குத் திரும்ப மனம் வைக்கமாட்டான்.

ஆனா நாங்கள் இருக்கிறது யாழ்ப்பாணத்தில. வெப்பம் 10 பாகை கூடினால் ஒழுக்குக் கரண்ட் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். பங்குனி மாசம் ஒரு பகல் நிகழ்ச்சி, தகரக் கொட்டகை மேடை, வீட்டில 4.5 வோல்ட்டில நிப்பாட்டி வைச்ச ரெண்டாவது ரான்சிஸ்டரின்ர கலெக்டர் அங்க ஒரு வோல்ட்டுக்கு மேல விலகிப்போய், நோட் ஒண்டும் நிண்டு பிடிக்காமல் தும்மித் தும்மி வெட்டுப்பட்டுது. ரெண்டாவது பாட்டோட பெடலைக் கழட்டிப் போட்டு வெறுமனே வாசிச்சனான், அந்தக் கவலை இன்னும் இருக்கு. 8.2 கிலோவுக்குப் பதிலா ட்ரிம்மர் (திருகி அளவை மாத்துற சின்ன ரெசிஸ்டர்) போட்டு வெளியால திருப்பக்கூடிய மாதிரி வைச்சால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனா பாட்டுக்கு நடுவில ஆர் அதைத் திருப்புறது? இன்னொண்டு, பிஎன்பி ஜேர்மானியத்துக்கு பிளஸ்தான் எர்த். மற்ற பெடல்களோட ஒரே அடப்டரில கொழுவினால் சப்ளை சோர்ட் ஆகும். தனிப் பற்றரிதான் வழி, சாதாரண காபன் சிங்க் பற்றரி எண்டால் சத்தமும் வடிவா இருக்கும்.

சிலிக்கன் இந்த ரெண்டு தலையிடியும் இல்லாதது. ஆர்பிற்றரே 1960களின்ர கடைசியில பிசி183, பிசி108 எண்டு சிலிக்கனுக்கு மாறினது. ஒழுக்கு எண்டு கணக்கெடுக்க ஒண்டும் இல்லை, என்பிஎன் (பிஎன்பிக்கு எதிர் வகை) போட்டால் மைனஸ் எர்த், அடப்டரில மற்றதுகளோட நிக்கும், தகரக் கொட்டகையிலயும் நிக்கும். பிசி547 ரேடியோ திருத்துற கடையில அள்ளலாம், இல்லாட்டி கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில. எல்லாரும் விடுற பிழை, கூடப் பெருக்கம் நல்லம் எண்டு சி வகையை வாங்கிறது. அது 420 இல இருந்து 800 வரைக்கும் போகும், தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இரையும். ஏ வகை 110 இல இருந்து 220, அதைத்தான் தேடி எடுங்கோ. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையில 47 இல இருந்து 100 பிக்கோஃபரட் வரைக்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டர் போட்டால் ரேடியோ ஸ்ரேசன் கேக்கிறது நிண்டிடும், மேல்பக்கத்துக் கீச்சும் குறையும். கூர்மையான சத்தம், ஜேர்மானியத்தின்ர அந்த ஈரம் இல்லை, ஆனா கூட்டத்துக்குள்ள கிழிச்சுக்கொண்டு வரும்.

இனித்தான் முக்கியமான இடம். ஃபஸ் ஃபேஸின்ர இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வாற சிக்னலுக்கு அது காட்டுற தடை) சரியான குறைவு, சில கிலோ ஓம்தான். அதால கிற்றாரின்ர பிக்கப் சுருள் வெளியில நிக்கிற ஒரு சாமான் இல்லை, அதுவும் சேர்க்கிட்டுக்குள்ள ஒரு உறுப்பு. ஸ்ராற் (ஃபெண்டர் ஸ்ராற்றோகாஸ்ரர்) வகை ஒற்றைச் சுருள் பிக்கப் ஒண்டின்ர இண்டக்ரன்ஸ், அதாவது சத்தம் மேல போகப் போகக் கூடுற தடைக்கான அளவு, ஏறத்தாழ 2.5 ஹென்றி, அதோட 6 கிலோ ஓம் ரெசிஸ்ரன்ஸ். அந்த 2.5 ஹென்றி 100 ஹேர்ட்ஸில 1.6 கிலோ ஓம்தான், 1000 ஹேர்ட்ஸில 15.7 கிலோ ஓம், 5000 ஹேர்ட்ஸில 78 கிலோ ஓம். அதாவது மேல போகப் போகச் சுருளே கதவைச் சாத்துது, கீச்சுச் சத்தம் ஃபஸ்ஸுக்குள்ள போய்ச் சேர முதலே அடங்கிப்போகுது. அந்தப் பழைய ரெக்கோர்ட்டுகளில கேக்கிற இனிமையில பாதி ரான்சிஸ்டரின்ரதில்லை, சுருளின்ர.

நடுவில பஃபர், அதாவது சிக்னலைப் பலப்படுத்தி அனுப்புற சின்ன சேர்க்கிட் ஒண்டு வந்தால் என்ன நடக்கும்? பொஸ் ரியூனர் மாதிரியான பெடல்கள் நிப்பாட்டி வைச்சாலும் உள்ளுக்குப் பஃபர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அக்ரிவ் பிக்கப்பும் அதே கதை, வயர்லெஸ்ஸும் அதே கதை. ஃபஸ் இப்ப தனக்கு முன்னால காண்கிறது சில நூறு ஓம் மட்டும்தான், எல்லாச் சத்தத்துக்கும் ஒரே அளவு. கதவு முழுக்கத் திறந்து கிடக்கு, ஃபஸ் காது கிழியக் கத்தும், வொலியூமைக் குறைச்சாலும் தெளியாது, சத்தம் மட்டும் குறையும். ஆக்கள் இதைக் கேட்டிட்டு "ரான்சிஸ்டர் சரியில்லை" எண்டு இன்னொரு சோடி வாங்குவினம். நானும் வாங்கினனான், ரெண்டு தரம்.

காசில்லாத வழி, ஃபஸ்ஸை முதலாவதாக் கொழுவுறது. பாசிவ் கிற்றார் (பிக்கப்புக்குப் பற்றரி இல்லாதது) எண்டால் அதோட பிரச்சினை முடிஞ்சுது. அக்ரிவ் பிக்கப் காரனுக்கும், கீபோர்ட்டை ஃபஸ்ஸுக்குள்ள விட விரும்புறவனுக்கும் அது சரிவராது, அவைக்குத்தான் பிக்கப் சிமுலேற்றர், பிக்கப் சுருள் மாதிரி நடிக்கிற சாமான். அதிலயும் மூண்டு வழி பார்த்திருக்கிறன்.

முதலாவது, ஃபஸ்ஸுக்கு முன்னால சும்மா 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்டு. ரெண்டு நிமிச வேலை, கத்தல் கொஞ்சம் தணியும், ஆனா ரெசிஸ்டருக்கு மேல் கீழ் தெரியாது, எல்லாத்தையும் ஒரே அளவாத் தடுக்கும், கீச்சு அப்பிடியே இருக்கும். அவசரத்துக்குக் காணும். ரெண்டாவது, உடைஞ்ச கிற்றாரில இருந்து எடுத்த உண்மையான பிக்கப் ஒண்டைப் பெட்டிக்குள்ள வைச்சுத் தொடராக் கொழுவுறது. சத்தம் அசல், அதில மறுப்பில்லை, ஆனா அடப்டரில இருந்தும் அம்ப்பின்ர ரான்ஸ்போமரில இருந்தும் வாற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் முழுக்க அதுக்குள்ள ஏறும். ஹம்பக்கர் (இரைச்சலை அடக்குற ரெட்டைச் சுருள் பிக்கப்) எண்டால் குறையும், ஆனா பெட்டி பெரிசாப் போகும்.

மூண்டாவதுதான் என்ர தெரிவு, பழைய ரான்சிஸ்டர் ரேடியோவில அவுட்புட்டுக்கு முன்னால நிக்கிற சின்ன டிரைவர் ரான்ஸ்போமர். ஒரு பக்கத்துச் சுத்தை மட்டும் தொடராக் கொழுவி, மற்றப் பக்கத்தைத் திறந்தபடி விடுறது, சோர்ட் பண்ணினால் இண்டக்ரன்ஸ் விழுந்துபோகும். எந்தச் சுத்து 2 இல இருந்து 3 ஹென்றிக்குக் கிட்ட வருது எண்டு எல்சிஆர் மீற்றரில (இண்டக்ரன்ஸ் அளக்கிற மீற்றர்) பாருங்கோ, என்னட்டக் கிடந்த அஞ்சில ரெண்டுதான் அந்த எல்லைக்குள்ள வந்தது. ஹம்பக்கர் குணம் வேணுமெண்டால் 4 ஹென்றிக்கு மேல. சுத்தின்ர ரெசிஸ்ரன்ஸ் சில நூறு ஓம்தான் இருக்கும், அதால 5.6 கிலோ ஓம் ஒண்டைத் தொடராச் சேர்த்தால் பிக்கப்பின்ர கணக்குக்கு வரும். அதுக்குப் பிறகு 250 கிலோ ஓம் பொட் ஒண்டை கிற்றாரின்ர வொலியூம் மாதிரியே போட்டு விடுங்கோ, இதைக் கன பேர் விட்டிடுகினம். பஃபருக்கு முன்னால வொலியூமைக் குறைச்சால் ஃபஸ் காண்கிற இம்பீடன்ஸ் மாறாது, சுருளுக்குப் பின்னால பொட் நிண்டால் மாறும், ஜேர்மானியக்காரர் கொண்டாடுற அந்தத் தெளிவு சிலிக்கனிலயும் திரும்பி வரும். என்ரதை இரும்பு பிஸ்கட் ரின் ஒண்டுக்குள்ள வைச்சு ரின்னை எர்த் பண்ணியிருக்கிறன், ரான்ஸ்போமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரைச்சல் ஆகக் குறைஞ்ச பக்கத்தில ஒட்டினனான்.

பிக் மஃப் இந்தக் கதைக்கெல்லாம் வெளியில நிக்கிறது. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 1969 இல விட்டது, நாலு சிலிக்கன் ரான்சிஸ்டர், நடுவில ரெண்டு கட்டத்தில டயோட்டால வெட்டுது, முன்னால 39 கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் நிக்கிறதால பஃபர் வந்தாலும் பெரிசாக் கவலைப்படாது. சிமுலேற்றர் தேவையில்லை, வெயிலும் தெரியாது, நோட் கன நேரம் நிக்கும். ஆனா சாமான் கூட, ஒரு கப்பாசிட்டர் மாறிப்போனால் தேடிப் பிடிக்க ஒரு சனிக்கிழமை போகும். அதோட ரோன் பொட்டை நடுவில விட்டால் 1000 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், கீபோர்ட்டும் ட்ரம்ஸும் சேர்ந்தால் கிற்றார் அந்தப் பள்ளத்துக்குள்ள காணாமல் போகும். ரோன் பகுதியில 22 கிலோவோட நிக்கிற 3.9 நானோஃபரட்டை எடுத்துப்போட்டு 10 நானோஃபரட் போட்டால் பள்ளம் நிரம்பும். வொலியூமைக் குறைச்சுத் தெளிவெடுக்கிற ஆசை இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வராதேங்கோ.

இணுவில் தம்பிக்கு நான் சொன்னது சிலிக்கன் ஃபஸ் ஃபேஸ், பிசி547 ஏ வகை ரெண்டு, 8.2 கிலோவுக்குப் பதிலா 20 கிலோ ஓம் ட்ரிம்மர், கலெக்டரை 4.5 வோல்ட்டில நிப்பாட்டு, முன்னால அந்த ரான்ஸ்போமரும் பொட்டும், அதை வெட்டி விட ஒரு சுவிச். பாசிவ் கிற்றார் வைச்சிருக்கிறவன், இரவில வீட்டில வாசிக்கிறவன் கேட்டிருந்தால் தயங்காமல் ஜேர்மானியம் எண்டுதான் சொல்லியிருப்பன். ரான்ஸ்போமர் என்னட்ட ஒண்டு மிச்சம் கிடக்கு, 2.3 ஹென்றி, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போறன் எண்டவன்.